ஏர்கான் குளிருக்கு ஒரு ஸ்கார்ஃப்: சில்க்கையும் கம்பளியையும் தைக்காம ஒண்ணாக்குறது எப்படி

சிங்கப்பூர்ல கம்பளி ஸ்கார்ஃபான்னு சிரிக்கிறவங்க யாரும் ஆபீஸ்ல ஏர்கானுக்கு நேர் கீழ சீட் கிடைச்சவங்களா இருக்க மாட்டாங்க. வெளிய 32 டிகிரி, உள்ள போனா 22, சினிமா தியேட்டர் அதைவிட மோசம், அப்புறம் டிசம்பர் லீவுக்கு பாதி புளோக்கும் ஜப்பான் கொரியான்னு கிளம்பிடுது. நமக்கு வேண்டியது கனமான ஸ்வெட்டர் இல்ல, கழுத்துல சுத்தினா சூடு தெரியணும், கழட்டினா கைப்பைக்குள்ள சுருட்டி வைக்கிற அளவுக்கு மெல்லிசா இருக்கணும், அவ்வளவுதான். அதுக்குன்னே அளவெடுத்த வேலை ஒண்ணு இருக்கு, நூனோ ஃபெல்டிங்னு பேரு. தறி வேண்டாம், பின்னல் ஊசி வேண்டாம், தையல் மிஷின் வேண்டாம், மெல்லிசு சில்க் துணி மேல கம்பளி இழைய பரப்பி சோப்பு தண்ணி தெளிச்சு உருட்டி உருட்டி ரெண்டையும் ஒரே துணியாக்குறது.

கம்பளிய மட்டும் நனைச்சு அமுக்கி ஃபெல்ட் செய்யறது மத்திய ஆசியாவுல, மங்கோலியாவுல காலங்காலமா நடக்குது, கூடாரத்துக்கே அதத்தான் போர்த்துறாங்க. ஆனா சில்க்கோட சேக்குற இந்த வகை ரொம்ப புதுசு, 1990கள் தொடக்கத்துல ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல இருந்த பாலி ஸ்டர்லிங்ங்கிற கலைஞரும் அவங்க கூட வேலை செஞ்ச சச்சிகோ கொட்டாகாவும் சேர்ந்து உருவாக்கினது. முழுக்க கம்பளியில செஞ்சா தடிமனா வரும், வெயில் ஊர்ல போட்டுக்க முடியாது, துணி ஒண்ணு உள்ள இருந்து தாங்கிப் பிடிச்சா கம்பளிய ரொம்பவே குறைக்கலாம். அந்தக் கணக்கு ஆஸ்திரேலியாவ விட நம்ம ஊருக்கு இன்னும் நல்லா பொருந்துதுன்னு நான் சொல்லுவேன்.

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கம்பளி முடி ஒவ்வொண்ணு மேலயும் மீன் செதில் மாதிரி கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கு, எல்லாமே நுனியப் பாத்து சாஞ்சிருக்கும். நனைச்சு சோப்பு போட்டு அசைச்சா முடி வேர் பக்கமா மட்டும் நகரும், திரும்பி வர செதில் விடாது, இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிறதுதான் ஃபெல்ட். பட்டு இழை வழவழன்னு இருக்கும், அதுக்கு செதிலே கிடையாது, அதனால பட்டு தானா ஃபெல்ட் ஆகவே ஆகாது. கம்பளி முடிதான் சில்க்கோட நெசவு இடைவெளி வழியா அந்தப் பக்கம் போய் அங்க பின்னிக்கும். அப்புறம் கம்பளி சுருங்குறப்போ சுருங்கத் தெரியாத சில்க்கையும் சேர்த்து இழுக்கும், சில்க் போக இடமில்லாம சின்னச் சின்ன மடிப்பா மேல எழும்பும். அந்த மடிப்புதான் இந்த ஸ்கார்ஃபோட அழகே, காசு குடுத்து வாங்குற துணியில அது வராது.

ஆக வரிசை என்னன்னா மொதல்ல ஊடுருவணும், பிறகுதான் சுருங்கணும். இந்த வரிசை மாறினா எல்லாம் போச்சு. எடுத்த எடுப்புல கொதிக்கிற தண்ணி ஊத்தினா கம்பளி தன்னோட தானே பின்னிக்கிட்டு சில்க் மேல தனி தோலா நிக்கும், காஞ்ச பிறகு உரிச்சா உரிஞ்சு வந்துடும். கம்பளிய அதிகமா வச்சாலும் அதே கதைதான், அடியில இருக்கிற முடி மட்டும் சில்க்குக்குள்ள போகும், மேல இருக்கிறது மேலயே தங்கிடும். கம்பளி கம்மி, தண்ணி ஆறினது, கைக்கு அவசரம் கூடாது. இந்த கைடு முழுக்க இதையேதான் திரும்பத் திரும்ப சொல்லப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

சில்க்ல இருந்து ஆரம்பிக்கலாம். சில்க்கோட கனத்த மோமேங்கிற அளவுல சொல்லுவாங்க, ஒரு மோமேன்னா ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 4.3 கிராம். நமக்கு வேண்டியது 3ல இருந்து 8 மோமே வரைக்கும், அதாவது சில்க் காஸ், மெல்லிசு ஹபோட்டாய், சில்க் ஷிஃபான் இதெல்லாம். ஆன்லைன்ல வாங்கினா கனம் போட்டிருக்கும், பிரச்சனை இல்ல. அரப் ஸ்ட்ரீட் துணிக்கடையிலயோ சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மாடியில இருக்கிற துணிக்கடையிலயோ வாங்கினா மோமே கேட்டு பிரயோஜனம் இல்ல, அங்க வாய்தான் டெஸ்ட். துணிய உதட்டுக்கு முன்னாடி பிடிச்சு ஊதுங்க, அந்தப் பக்கம் வச்ச கையில காத்து நல்லா படுதுன்னா கம்பளி முடியும் போகும். கடைக்கார அங்கிள் ஒரு மாதிரி பாப்பார், பாத்தா பாக்கட்டும்.

சில்க்னு சொல்லி பாலியஸ்டர் குடுக்குறது எல்லா ஊர்லயும் உண்டு. ஓரத்துல ரெண்டு நூல் உருவி வீட்ல சிங்க் மேல வச்சு பத்த வச்சு பாருங்க, பட்டுன்னா தலைமுடி கருகுற நாத்தம் வரும், சாம்பல் விரல்ல நசுங்கி பொடியாகும், பாலியஸ்டர்னா உருகி கெட்டியான மணியா நிக்கும். பாலியஸ்டர் ஷிஃபான்லயும் நெசவு கண் திறந்திருந்தா கம்பளி பிடிக்கத்தான் செய்யும், மொதல் முயற்சிக்கு காசு மிச்சம்னா அதுலயே பண்ணுங்க, ஆனா பட்டோட மினுமினுப்பும் கழுத்துல படுற சுகமும் வராது.

அலமாரியில தூங்குற பட்டுச்சேலைய எடுக்கலாமான்னு கட்டாயம் கேப்பீங்க. காஞ்சிபுரம் வேண்டவே வேண்டாம், நெசவு அடர்த்தி, முடி உள்ள போகாது, அதோட அம்மா கிட்ட யார் பேச்சு வாங்குறது. சுத்தமான சில்க் ஷிஃபான் சேலை, சில்க் ஜார்ஜெட், கோட்டா சேலை, மெல்லிசு சந்தேரி இதெல்லாம் ஊதிப் பாத்து காத்து போச்சுன்னா தாராளமா எடுக்கலாம். ஜரிகை பார்டர மட்டும் வெட்டி எடுத்துடுங்க, ஜரிகை சுருங்காது, ஓரம் கோணிக்கிட்டு நிக்கும். பழைய சேலைக்கு ஒரு லாபம் என்னன்னா பல தடவ துவைச்சு கஞ்சி எல்லாம் போயிருக்கும், புதுத் துணின்னா நீங்களே ஒரு தடவ சோப்பு போட்டு அலசி காய வைக்கணும், அப்பவே ஈரமான வெள்ளை டிஷ்யூவால அழுத்தி சாயம் இறங்குதான்னும் பாத்துடுங்க.

கம்பளி மெரினோ தான், வேற எதுவும் யோசிக்காதீங்க. முடியோட தடிமன மைக்ரான்ல சொல்லுவாங்க, 18, 19 மைக்ரான் கிடைச்சா கழுத்துல குத்தாது, 21 கூட பரவாயில்ல. நூலா திரிச்சது இல்ல, சீவி நீளமா கயிறு மாதிரி விட்டிருப்பாங்க, டாப்ஸ்னு போட்டு விப்பாங்க, சில பேர் ரோவிங்னு போடுவாங்க. சூப்பர்வாஷ்னு எழுதியிருந்தா தொடாதீங்க, அது வாஷிங் மிஷின்ல சுருங்காம இருக்க செதில மழுங்கடிச்சு மேல பூச்சு குடுத்தது, நாள் முழுக்க உருட்டினாலும் ஃபெல்ட் ஆகாது. ஸ்பாட்லைட்லயும் டைசோலயும் பொம்மை செய்யற ஊசி ஃபெல்டிங்குக்குன்னு சின்ன பாக்கெட் வரும், கலருக்கு ஒரு சிட்டிகை சேக்க அது போதும், முழு ஸ்கார்ஃபுக்கு ஷாப்பி (Shopee) ஆன்லைன்லயோ வெளிநாட்டு கடையிலயோ 50, 100 கிராமா வாங்குறதுதான் கட்டுப்படியாகும், எந்த வகைன்னு பாக்கெட்ல போடாத கம்பளியா இருந்தா பெருசா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கொத்து நனைச்சு உள்ளங்கையில தேச்சு உருண்டையாகுதான்னு பாத்துக்குங்க.

மத்ததெல்லாம் வீட்லயே இருக்கும். பார்சல்ல வர்ற பபிள் ராப், சின்ன குமிழ் உள்ளது, ஒட்டு போட்டு இரண்டரை மீட்டர் நீளம் ஆக்கிக்குங்க. பெயின்ட் அடிக்கிறப்போ சோஃபா மேல போடுற மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட். பழைய நெட் கர்ட்டன் துண்டு. நடுவுல வச்சு சுருட்ட பிள்ளைங்க நீச்சல் குளத்துக்கு எடுத்துட்டு போற நுரை ட்யூப், இல்லன்னா பிவிசி பைப். கட்டுறதுக்கு பழைய காலுறையில வெட்டின பட்டை, நாலஞ்சு துண்டு. ரெண்டு மூணு டவல். தண்ணி பாட்டில் மூடியில ஊசிய சூடாக்கி பத்து ஓட்டை போட்டா அதுதான் ஷவர். சமையலறை தராசு, அளவு டேப். சோப்புக்கு ஆலிவ் ஆயில் சோப்பு பார் நல்லது, முஸ்தபா மாதிரி பெரிய கடையில தேடினா கிடைக்கும், துருவி ஒரு லிட்டர் வெந்நீர்ல ஒரு மேசைக்கரண்டி கரைச்சு ஆற விடுங்க. அவசரத்துக்கு பாத்திரம் கழுவுற லிக்விட் சில சொட்டு போடலாம், ஆனா அது நுரைச்சுத் தள்ளும், நுரை அதிகமானா முடி வழுக்கிட்டே இருக்கும், பின்னாது.

இப்ப கணக்கு. தயவு செஞ்சு சாம்பிள் போடாம பெரிய துணிய வெட்டாதீங்க. 30 சென்டிமீட்டருக்கு 30 சில்க் துண்டு, அது மேல 3 கிராம் கம்பளி, கீழ சொல்ற எல்லா வேலையும் இதுல ஒரு தடவ செஞ்சு முடிச்சு அளந்து பாருங்க. 20க்கு 20 ஆச்சுன்னா உங்க கணக்கு ஒன்றரை, அதாவது முடிவுல வேண்டிய அளவ ஒன்றரையால பெருக்குங்க. 160 நீளம் 35 அகலம் ஸ்கார்ஃப் வேணும்னா 240 நீளம் 52, 53 அகலத்துல ஆரம்பிக்கணும். பொதுவா மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் சுருங்கும், அது சில்க், கம்பளி, உங்க கை மூணையும் பொறுத்தது, அதனால என் கணக்கு உங்களுக்கு ஆகாது. இந்த அளவு ஸ்கார்ஃபுக்கு 5 மோமே சில்க் 27 கிராம் வரும், கம்பளி 40 கிராம் போதும். பாத்தா ரொம்ப கம்மியா தெரியும், இன்னும் கொஞ்சம் வைக்கலாம்னு கை பரபரக்கும். வைக்காதீங்க. 70 கிராம் வச்சா அது மெல்பர்ன் குளிர்காலத்துக்கு, எம்ஆர்டி ரயிலுக்கு இல்ல.

இடம்தான் நம்ம ஊர்ல பெரிய தலைவலி. ஹெச்டிபி அடுக்குமாடி வீட்டு ஹால்ல இரண்டரை மீட்டர் மேசை யார் வீட்ல இருக்கு. டைனிங் டேபிள் மேலயே பண்ணலாம், ஒரு பாதிய பரப்பி நனைச்சு பிளாஸ்டிக்கோட சேர்த்து சுருட்டி ஓரமா தள்ளிட்டு அடுத்த பாதிய இழுத்து வச்சு பரப்புங்க. தரையில உக்காந்து செஞ்சா இடம் கிடைக்கும் ஆனா இடுப்பு அடுத்த நாள் கணக்கு கேக்கும். புளோக்குக்கு கீழ திறந்தவெளியா இருக்கிற வாய்ட் டெக்ல கல் மேசை நல்லா நீளமா இருக்கேன்னு ஆசைப்படாதீங்க, அங்க அடிக்கிற காத்துல கம்பளி அடுத்த புளோக்குக்கு போயிடும்.

காத்துன்னதும் ஃபேன். பரப்புற வரைக்கும் ஃபேன் ஆஃப், ஜன்னல் மூடி. புழுங்கும், தெரியும். ஏர்கான் இருந்தா பிளேடு மேல பாத்த மாதிரி வச்சு மெதுவா ஓட விடுங்க. கை வேர்த்தா கம்பளி விரல்ல ஒட்டிக்கிட்டு கொத்துக் கொத்தா வரும், பக்கத்துல காஞ்ச துண்டு வச்சு துடைச்சு துடைச்சு வேலை பாருங்க.

டேபிள்ல டவல், அது மேல பபிள் ராப் குமிழ் மேல பாத்து, அதுக்கு மேல சில்க்க சுருக்கம் இல்லாம விரிங்க. 40 கிராம் கம்பளிய தராசுல வச்சு 10 கிராமா நாலு பங்கா பிரிச்சுடுங்க, ஒரு பங்கு 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு. இத செய்யலன்னா மொதல் பாதியில அள்ளி வச்சுட்டு கடைசியில பஞ்சமாயிடும். டாப்ஸ ஒரு கையில லேசா பிடிச்சு, ஒரு சாண் தள்ளி இன்னொரு கையால நுனிய மட்டும் கிள்ளி இழுங்க. ரெண்டு கையும் கிட்ட கிட்ட வச்சு இழுத்தா எவ்வளவு பலமா இழுத்தாலும் வராது, ஏன்னா ஒரே முடியோட ரெண்டு முனையையும் நீங்களே பிடிச்சிருப்பீங்க. இழுத்தா ஏழெட்டு சென்டிமீட்டர்ல மெல்லிசா ஒரு கீத்து வரும், அதுக்கு கீழ பேப்பர் வச்சா எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும். அத சில்க் மேல வச்சு அடுத்தது மொதல்லது மேல கொஞ்சம் ஏறுற மாதிரி வச்சுக்கிட்டே போங்க. முடி எந்தப் பக்கமா படுத்திருக்கோ அந்தப் பக்கமா அதிகம் சுருங்கும், எல்லாத்தையும் நீளவாக்குல வச்சா ஸ்கார்ஃப் குட்டையாகிடும், அதனால பாதி நீளவாக்குல பாதி குறுக்கா மெல்லிசா வைக்கிறது நல்லது. ஓரத்துல மட்டும் கொஞ்சம் கூடுதலா, சில்க் விளிம்ப தாண்டி ஒரு சென்டிமீட்டர் வெளிய போற மாதிரி வைங்க, பிறகு அத மடக்கிக்கலாம், இல்லன்னா விளிம்பு அப்பளமா நெளியும்.

முழுக்க மூடணும்னு கட்டாயம் இல்ல. நடுவுல அங்கங்க சில்க்க வெறுமையா விட்டா சுத்தி இருக்கிற கம்பளி சுருங்கி அந்த இடம் பட்டு மடிப்பா உப்பிக்கும், கனமும் குறையும், நம்ம ஊருக்கு இதுதான் சரி. எனக்குப் பிடிச்சது கோலம்: சூப்பர்வாஷ் இல்லாத கம்பளி நூல நனைச்சு சிக்குக்கோலம் மாதிரி வளைச்சு வச்சு மேல ரெண்டு மூணு கீத்து கம்பளி போட்டு பூட்டிடறது. நூல் சுருங்கி கோடு லேசா நடுங்கின மாதிரி வரும், கையால வாசல்ல இழுத்த கோட்ட விட எனக்கு அதுதான் பிடிக்கும். சேலைத் துண்டு, பட்டு இழை எது அலங்காரத்துக்கு வச்சாலும் மேல கம்பளி கீத்து குறுக்கா போட்டு பிடிச்சு வைக்கணும், பட்டு தானா ஒட்டாதுன்னு மேல சொன்னேன்ல. கலர் எடுக்குறப்போ ஒண்ணு யோசிங்க, கம்பளி முடி பின்பக்கம் எட்டிப் பாக்கும், வெள்ளை சில்க் மேல கறுப்பு கம்பளி வச்சா பின்னாடி அழுக்குப் படிஞ்ச மாதிரி தெரியும். மஞ்சள் சில்க் மேல பச்சை, அரக்கு மேல ஆரஞ்சு இந்த மாதிரி பக்கத்து பக்கத்து கலர் எடுத்தா கலப்பு அழகா வரும்.

பரப்பியாச்சா, இப்ப மேல நெட் துணிய போடுங்க, ஆறின சோப்பு தண்ணிய மெதுவா தெளிங்க. வெளிநாட்டு கைடு எல்லாம் வெதுவெதுப்பான தண்ணின்னு எழுதியிருக்கும், நம்ம குழாய்ல வர்ற தண்ணியே அந்த வெதுவெதுப்புதான், ஹீட்டர் சுவிட்ச் பக்கமே போகாதீங்க. நெட் மேல உள்ளங்கைய தட்டையா வச்சு அமுக்கி காத்த வெளியேத்துங்க, எங்க வெள்ளையா உப்பிக்கிட்டு இருக்கோ அங்க தண்ணி போகல. நனையணும், ஆனா மிதக்கக்கூடாது, அதிகமானா டவலால ஒத்தி எடுங்க. நெட்ட ஒரு முனையில இருந்து மெதுவா உரிச்சு எடுத்துட்டு பிளாஸ்டிக் ஷீட்ட மூடி, மேல ரெண்டு சொட்டு சோப்பு தண்ணி விட்டு, வட்டம் வட்டமா அழுத்தமே இல்லாம ஒரு பத்து நிமிஷம் தேய்ங்க. இப்ப விளிம்பு தாண்டின கம்பளிய உள்பக்கமா மடக்கிக்குங்க.

அப்புறம் நுரை ட்யூப்ப ஒரு முனையில வச்சு பபிள் ராப், துணி, பிளாஸ்டிக் எல்லாத்தையும் சேர்த்து இறுக்கமா சுருட்டி, டவல சுத்தி, காலுறைப் பட்டையால நாலு இடத்துல கட்டுங்க. கீழ சொட்டும், கால் மிதியடி ஒண்ணு போட்டு வைங்க, ஈர டைல்ஸ்ல சறுக்கி விழுந்தா ஸ்கார்ஃப் சுத்த கழுத்து இருக்காது. உருட்டுறது மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் போய் திரும்பி வரணும், அது ஒண்ணு. 100 உருட்டு, பிரிச்சு மடிப்பு விழுந்தத சரி பண்ணி, எதிர் முனையில இருந்து சுருட்டி இன்னொரு 100. மொதல்ல ரொம்ப லேசா, போகப் போக அழுத்தம். இப்படி மாத்தி மாத்தி 400, 500 வரைக்கும் போகும், சில துணிக்கு அதுக்கு மேலயும் ஆகும். நல்ல பழைய பாட்டு போட்டு விட்டு செய்ங்க, பிள்ளைங்கள கூப்பிட்டா சந்தோஷமா ஒரு ரவுண்டு உருட்டித் தருவாங்க, ரெண்டாவது ரவுண்டுக்கு ஆள காணோம். டிரையர்ல கட்டின ரோல போட்டு சூடு இல்லாம சுத்த விடுறவங்க இருக்காங்க, மரம் தேய்க்கிற சாண்டர் மிஷின வச்சு தேய்க்கிறவங்களும் இருக்காங்க, தண்ணியும் கரன்ட்டும் ஒண்ணா இருக்கிற எந்த ஐடியாவும் எனக்கு வேண்டாம்.

எப்ப போதும்னு எப்படி தெரியும்? எண்ணிக்கை சொல்லாது, துணிதான் சொல்லும். பிரிச்சு சில்க் பக்கம் திருப்பி வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, மெல்லிசா பூனைமுடி எல்லா இடத்துலயும் எட்டிப் பாக்கணும். கம்பளி பக்கம் ரெண்டு விரலால கிள்ளித் தூக்குங்க, சில்க்கும் கூடவே எழுந்தா சரி, கம்பளி மட்டும் தனியா எழுந்தா இன்னும் உருட்டணும். இந்த ரெண்டும் சரியா வர்ற வரைக்கும் அடுத்த கட்டத்துக்கு போகவே கூடாது, இங்க காட்டுற பொறுமைதான் மொத்த வேலையும். சில இடம் மட்டும் பிடிக்கலன்னா அங்க தண்ணிய கொஞ்சம் விட்டு, பிளாஸ்டிக் மேல விரல் நுனியால சின்ன வட்டமா அழுத்தி தேய்ங்க.

இப்பதான் வெந்நீர். கை பொறுக்குற சூடு போதும், அதுக்கு மேல வேண்டாம். துணிய சோப்பு வெந்நீர்ல முக்கி பிழிஞ்சு, பந்தா உருட்டி சிங்க்ல போடுங்க, எடுத்து திரும்ப போடுங்க, 20, 30 தடவ. பிரிச்சு உதறி நாலு பக்கமும் இழுத்து நேராக்கி திரும்பவும். மொதல்ல லேசா, அப்புறம் ஓங்கி. ராத்திரி பத்து மணிக்கு மேல இத ஆரம்பிச்சீங்கன்னா கீழ் வீட்டு ஆன்ட்டி மேல ஏறி வந்துடுவாங்க, சனிக்கிழமை மத்தியானம் பாத்துக்குங்க, இல்லன்னா பிளாஸ்டிக் பேசின்ல அடியில டவல் போட்டு அதுல போடுங்க. கண்ணு முன்னாடியே சுருங்கும், சில்க் மடிப்பு எழும்பி வரும், இந்த பத்து நிமிஷத்துக்காகத்தான் அவ்வளவு உருட்டினோம். ஆனா டேப் கையில இருக்கணும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ அளங்க. நீளம் முந்திக்கிட்டா அகலவாக்குல சுருட்டி உருட்டுங்க, அகலம் முந்திக்கிட்டா நீளவாக்குல, எந்தப் பக்கமா சுருட்டுறீங்களோ அந்தப் பக்கமா சுருங்கும். 160க்கு 35 வந்துச்சா, நிறுத்துங்க. சுருங்கினது பழையபடி விரியாது.

குளிர்ந்த தண்ணியில நுரை போகுற வரைக்கும் அலசுங்க, தங்கின சோப்பு கம்பளிய நாளாக நாளாக சொரசொரப்பாக்கும். கடைசி தண்ணியில லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், ஃபேர்பிரைஸ்ல கிடைக்கிற சாதா வினிகர் போதும், பத்து நிமிஷம் ஊற வச்சு திரும்ப ஒரு அலசு. சோப்போட காரத்த அது சரிக்கட்டும், பட்டுக்கு பளபளப்பும் திரும்பும். முறுக்கிப் பிழியாதீங்க, டவல்ல சுருட்டி மேல ஏறி நில்லுங்க. ஈரமா இருக்கிறப்பவே ஓரத்த இழுத்து நேராக்கி மேல மெல்லிசு காட்டன் துணி போட்டு சில்க் சூட்டுல அயர்ன் பண்ணுங்க, மடிப்பு அழகு போயிடும்னு பயந்தா ஓரத்துக்கு மட்டும். ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழியில தொங்க விடுறது வேண்டாம், ஈர கனத்துல நீண்டுடும், வெயில் கலர தின்னும், மேல் வீட்டு மாப் தண்ணி வேற. உள்ள ஸ்டாண்டு மேல படுக்க வச்சு இப்ப ஃபேன போடுங்க, மெல்லிசா செஞ்சிருந்தா ஒரு ராத்திரியில காஞ்சிடும்.

காஞ்ச பிறகு ஒரு இடம் உரிஞ்சு வருதுன்னா ரெண்டு வழி இருக்கு. அளவு இன்னும் கொஞ்சம் சுருங்கினா பரவாயில்லன்னா அந்த இடத்த மட்டும் நனைச்சு சோப்பு போட்டு திரும்ப தேச்சு உருட்டலாம். அளவு ஏற்கனவே சரியா இருந்தா டைசோ ஃபெல்டிங் ஊசிய வச்சு லேசா குத்தி பிடிச்சுடுங்க, இல்ல அதே கலர் பட்டு நூல்ல ரெண்டு தையல், மடிப்புக்குள்ள யாருக்கும் தெரியாது. முழுசும் உரிஞ்சா கம்பளிய தனியா உரிச்சு எடுத்து கோஸ்டர் வெட்டுங்க, வேற வழி இல்ல.

நம்ம ஊர்ல செய்யறதவிட காப்பாத்துறதுதான் கஷ்டம். சுவத்துல சாம்பல் கலர்ல தட்டையா, நடுவுல அகண்டு ரெண்டு முனையும் கூரா, மெதுவா நகர்ற சின்னக் கூடு பாத்திருப்பீங்க, பாத்ரூம் ஓரத்துல, கட்டிலுக்குப் பின்னாடி எல்லாம் இருக்கும். அது அந்துப்பூச்சி வகையோட புழு, கூட்டையும் தூக்கிட்டே போகும், முடி, தூசி, சிலந்தி வலை, கம்பளி எல்லாம் சாப்பாடு. போட்டு வேர்த்த ஸ்கார்ஃப அப்படியே அலமாரியில வச்சா விருந்து வச்ச மாதிரி. வேர்வையும் சாப்பாட்டு கறையும் இருக்கிற இடத்ததான் மொதல்ல தேடிப் போய் கடிக்கும், அதனால வைக்கிறதுக்கு முன்னாடி குளிர்ந்த தண்ணியில மைல்ட் ஷாம்பூ ரெண்டு சொட்டு விட்டு கையால அலசி, நல்லா காய வச்சு, ஜிப் பையில சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு மூடுங்க. ஈரப்பதம் உள்ள போனா பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் கலர் மாறினா மாத்துங்க. நாப்தலின் உருண்டை வேண்டாம், ஆபீஸ்ல பக்கத்து சீட் ஆள் நகர்ந்து உக்காருவார். ஏற்கனவே புழு வந்துடுச்சுன்னு சந்தேகமா இருந்தா பைய காத்து இல்லாம நல்லா சீல் பண்ணி ஃப்ரீசர்ல, மைனஸ் 18ல, ரெண்டு வாரம் வைங்க, எடுத்ததும் பைய திறக்காம வெளிய சூட்டுக்கு வர்ற வரைக்கும் விட்டுட்டு பிறகு திறங்க, இல்லன்னா ஸ்கார்ஃப் மேல தண்ணி கோத்துக்கும். மீன் பாக்கெட் பக்கத்துல வைக்காதீங்க.